ஏழாம் நம்பர் புத்தகம்

"பட்டியல்ல விமானம் ஏழு. அலமாரியில புத்தகம் ஆறு. மீதி ஒண்ணு எங்க மருதமுத்து?"

அலுவலக எழுத்து வேலைக்குப் புதுக் கிராணியாக வந்த சேதுராமன் கேட்டதும் மருதமுத்து அலமாரியை இன்னொரு முறை எண்ணினார். பட்டாள விமானத் திடலில் அந்த அலமாரிச் சாவி அவரிடம்தான்; விமானக் கொட்டகைக்குள் அவருக்கு வேலையில்லை. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு புத்தகம். எந்தத் திருகாணியை எப்போது முடுக்கினார்கள், யார் கையெழுத்து, எல்லாம் அதில் இருக்கும். இயந்திரத்துக்குக்கூடவா ஜாதகம் என்று வியந்து வியந்து புரட்டியிருக்கிறார். நாற்பது வயதில் எழுத்துப் படித்தவருக்கு எந்தத் தாளும் அதிசயம்தான்.

"நாளைக்குக் காலையில கோலாலம்பூர்லேருந்து பரிசோதகர் வர்றாரு. புத்தகம் இல்லன்னா நீங்க ரப்பர் தோட்டத்துக்கே திரும்பிப் போய்ப் பால்மரம் வெட்டுங்க."

அப்போதுதான் போன மாதம் நடந்தது ஞாபகம் வந்தது. மூலையில் கிடந்த காகிதக் குப்பையைத் தள்ளச் சொல்லிவிட்டுப் போனார் பழைய கிராணி. அதில் ஒரு பழைய புத்தகமும் இருந்தது. இவர் அத்தனையையும் காஜா பெராங் வட்டாரத்தில் கச்சாங் பூத்தே என்னும் வறுகடலை விற்கும் அண்ணாமலைக்குப் பொட்டலம் மடிக்கக் கொடுத்துவிட்டார்.

சைக்கிளை மிதித்தார்.

"அண்ணாமலை, நான் குடுத்த பேப்பர் எங்கப்பா?"

"அதோ, பொட்டலமா நிக்குதே."

"கடலையைக் கொட்டிட்டு பேப்பரை மட்டும் குடு."

"கொட்டுனதை எவன் வாங்குவான்? கடலையோட எடுத்துக்குங்கண்ணே."

ஐம்பத்திரண்டு பொட்டலம். வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டியதும் மனைவி கோகிலா இடுப்பில் கை வைத்தாள்.

"என்னங்க, கடை போடப் போறீங்களா?"

"வேலை போயிரும் புள்ள. பேசாம பிரி."

பிரித்தார்கள். ஒவ்வொரு தாளிலும் எண்ணெய். ஏழாம் நம்பர் தாள்களைப் பொறுக்கித் தேதிப்படி அடுக்கினால், போன வருஷத்தோடு நின்றுவிட்டது.

"மிச்சம் எங்க?" என்றார்.

"ஊரே தின்னுட்டுத் தூக்கிப் போட்டிருக்கும்."

கோகிலா கஞ்சிப் பசை காய்ச்சி ஒட்டினாள். அவர் ஓடிப்போய் ஆறாம் நம்பர் புத்தகத்தை எடுத்துவந்தார். அதைப் பார்த்து, புரியாத இங்கிலீஷை ஒவ்வோர் எழுத்தாகப் படம் வரைவதுபோல் வரைந்தார், போன வெள்ளிக்கிழமை வரைக்கும். கையெழுத்துகளையும் விடவில்லை.

"அடுத்தவங்க கையெழுத்தைப் போட்டா ஜெயிலாமே?" என்றாள் கோகிலா.

பேனா நின்றது. காலையில் வேலை மட்டும்தான் போவதாக இருந்தது.

மறுநாள் பரிசோதகர் பொன்னுதுரை வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஆறு புத்தகங்களையும் புரட்டிவிட்டு மேசையில் வீசினார்.

"என்ன இது சேதுராமன்? ஒரு கறை இல்லை. மெக்கானிக் கை கழுவிப்போட்டே எழுதுறவன்? இது மேசை கதிரை போட்டு இருந்து எழுதினதல்லோ!"

ஏழாவதை எடுத்தார். முகர்ந்தார். மருதமுத்து வாசல் பக்கம் ஓரடி நகர்ந்தார்.

"இதல்லோ புத்தகம்! பாருங்கோ, எண்ணெய்! விமானத்துக்குப் பக்கத்தில நிண்டு எழுதியிருக்கிறான். போன வெள்ளியும் பறந்திருக்கு. இண்டைக்கு நான் இதிலதான் திரும்பிப் போறன். ஏழாம் நம்பரை வெளியில எடுங்கோ!"

மருதமுத்துவுக்குப் போன உயிர் திரும்பியது. சேதுராமன்கூட அவர் தோளைத் தட்டினார்.

விமானக் கொட்டகைக் காவலாளி அப்பாசாமி மட்டும் தலையைச் சொறிந்தார்.

"ஏழாம் நம்பரைப் போன வருஷமே அக்கு அக்காப் பிரிச்சு மத்த ஆறுலயும் மாட்டியாச்சுங்களே ஐயா!"