உன்னைப் பற்றி நாற்பது நிமிஷம்

என் தம்பி மகளுக்கு, அத்தை எழுதுவது.

இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம். உன் நலத்தை நேற்று ஃபோனில் நான் கெடுத்துவிட்டேன் என்று உன் அப்பா காலையிலிருந்து வீட்டை இரண்டாக்குகிறான். அவன் வாயால் கேட்பதற்கு முன் என் கையெழுத்தில் தெரிந்துகொள்.

அறுபத்து மூன்று கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டு, அறுபத்திரண்டு கிணற்றில் போட்ட கல்லாகி, ஒரே ஒரு கம்பெனி மட்டும் உன்னைப் பற்றி விசாரிக்க என்னைக் கூப்பிடும், இந்த மாதத்துக்குள் பயிற்சி வேலை கிடைக்காவிட்டால் இந்த வெளிநாட்டுப் படிப்பில் ஒரு வருஷம் வீண் என்று எழுதியிருந்தாய். "நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க அத்தை, போதும்" என்றும் கேட்டிருந்தாய். ஆஸ்பத்திரிப் பதிவேட்டு அறையில் என்னிடம் விடுமுறையில் இரண்டு மாதம் வேலை பார்த்தவள் நீ, கேட்டது நியாயம். நானும் மூன்று நாள் குளிக்கப் போகும்போதுகூட ஃபோனைக் கையோடு கொண்டுபோனேன்.

நேற்று ஒரு அம்மாள் கூப்பிட்டாள். அப்பழுக்கில்லாத ஆங்கிலம், என் பள்ளிக் கன்னியாஸ்திரீகளே குறை சொல்லமாட்டார்கள். அப்படிப்பட்டவளிடம் பொய் சொல்ல வாய் வருமா? நேரத்துக்கு வருவாளா என்றாள். பழைய டைரியைத் தேடி எடுத்து, பதினோரு நாள் தாமதம், அதில் நான்கு நாளுக்குக் காரணம் உண்டு என்றேன். மற்றவர்களோடு சேர்ந்து வேலை செய்வாளா என்றாள். சேர்ந்து பேசுவாள், நடுவில் வேலையும் நடக்கும் என்றேன். தவறு ஏதாவது செய்திருக்கிறாளா என்றதும், இறந்தவர்களின் கோப்புகளையெல்லாம் நீ வீடு திரும்பியவர்களின் அலமாரியில் அடுக்கியதையும், ஏனென்று கேட்டதற்கு "அவங்களும் போயாச்சுதானே அத்தை" என்றதையும் சொன்னேன். இப்படியே நாற்பது நிமிஷம்.

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால் உன் அப்பா தூணாக நிற்கிறான்.

"அக்கா, நீ சிபாரிசு பண்ணினியா, சாட்சி சொன்னியா?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன்டா."

"என் பொண்ணைப் பத்தி நல்லது ஒண்ணுகூடவா வாய்ல வரல?"

"நல்ல பொண்ணுன்னு ஊருக்கே தெரியும். அதை வேற தனியா சொல்லணுமா?"

"அந்தம்மா நம்ம ஊர்லயா இருக்கு? கடல் தாண்டி உக்காந்திருக்குக்கா!"

யோசித்துப் பார்க்கிறேன். அந்த நானூறு கோப்புகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரும் சொல்லாமல் தனியாக வந்து சரியாக அடுக்கினாயே, அதைச் சொல்லியிருக்கலாம். கணவனை இழந்த ஒரு பெண் கோப்பு கேட்டு வந்தபோது நான் விதிமுறையைச் சொன்னேன், நீ முதலில் நாற்காலியைப் போட்டாய். அதைச் சொல்லியிருக்கலாம். உன்னிடமே இதுவரை சொன்னதில்லை. "உன்கிட்ட நல்ல பேர் வாங்கணும்னா செத்துத்தான் வாங்கணும்" என்பார் உன் மாமா. அப்படியேதான் வாங்கினார். நீ அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். நீ கெட்டிக்காரி, நல்ல மனசுக்காரி. எழுதுவதற்குள் பேனா கூசுகிறது.

என் பெயரை எடுத்துவிட்டு, வாயில் சர்க்கரை உள்ள யார் பெயரையாவது போட்டுக்கொள். இனி உன் வேலை விஷயத்தில் நான் தலையிடமாட்டேன். இது சத்தியம்.

வேளைக்குச் சாப்பிடு. ஈரத்தலையோடு வெளியே போகாதே. அந்த அறுபத்திரண்டு கம்பெனிகளைப் போல் இல்லாமல், கடவுளாவது உனக்குப் பதில் தரட்டும்.

அன்புள்ள
அத்தை

பி.கு.: உன் அப்பா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவதற்குள் அந்த அம்மாள் மறுபடியும் கூப்பிட்டாள். நேற்று கடைசியாக, "திரும்பவும் அவளை வேலைக்கு வைத்துக்கொள்வீர்களா" என்று கேட்டாளாம். நான் ஓய்வு பெற்று நான்கு வருஷமானதையும் மறந்து, "நாளைக்கே அனுப்புங்கள்" என்றேனாம். அது ஒன்றே போதுமாம், உன்னை எடுத்துக்கொண்டார்களாம். அவசரப்பட்டுச் சரி என்று சொல்லிவிடாதே. அவளிடம் வேலை பார்த்த இரண்டு பேரின் எண்களைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஒருவர் அவளைப் புகழ்ந்துவிட்டு இரண்டே நிமிஷத்தில் வைத்துவிட்டார். அதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. மற்றவரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்.