இருமல் மாஸ்டர்

கடலூர் மாவட்டத்திலேயே ஒழுங்காக இருமத் தெரிந்த ஒரே மனிதர் இருமல் மாஸ்டர்தான். மற்றவர்களெல்லாம் சும்மா தொண்டையைச் செருமிக்கொண்டு காலம் தள்ளுகிறோம். இது என் கருத்தல்ல, அவருடையது.

கடலூரில் ஒரு சளிப் பரிசோதனைக்கூடத்தில் அவர் டெக்னீஷியன். சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். காசநோய்க் கிருமி இருந்தால் நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சி குச்சியாகத் தெரியுமாம். ஆனால் வருகிறவர்கள் டப்பாவில் துப்பிவிட்டுப் போவதெல்லாம் எச்சில். அதில் எதைத் தேடுவது? அதனால் எல்லோரையும் வேப்பமரத்தடியில் நிற்கவைத்து, அவரே இருமிக்காட்டிப் பாடம் எடுப்பார். அந்தச் சத்தத்துக்கு ஷேர் ஆட்டோக்கள் ஒதுங்கி வழிவிட்டதாகப் பேச்சு.

2006-ல் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது, கூடவே இருமலும் வந்தது. டி.பி.தான் என்று நானே தீர்ப்பெழுதி, மாமனாரிடம் சொல்வதற்குக் கண்ணாடி முன் நின்று அழுதும் பார்த்துவிட்டேன். அழுகை சுமாராகத்தான் வந்தது. நாங்கள் அறை எடுத்திருந்த சிதம்பரத்திலேயே டெஸ்ட் எடுத்தால் பெண் வீட்டுக்குத் தெரிந்துவிடும். எனவே அறைத்தோழனை, செல்வம் என்று வைத்துக்கொள்ளுங்கள், துணைக்கு இழுத்துக்கொண்டு கடலூருக்கு பஸ் ஏறினேன். "உனக்கு ஒண்ணும் இருக்காது மச்சான்" என்று அவன் வழியெல்லாம் இருமிக்கொண்டே தைரியம் சொன்னான். அவன் இருமலை நாங்கள் பீடிக் கணக்கில் சேர்த்திருந்தோம்.

மாஸ்டர் என் டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "தம்பி, இது எச்சி. மூச்ச நல்லா இழுத்துப் புடி, அப்புறம் இருமு" என்றார், தெருவுக்கே கேட்கும்படி. இருமினேன். பூனை தும்மியது போலிருந்தது.

"புது மாப்பிள்ள கணக்கா இருமாத."

இவருக்கு யார் சொன்னது என்று வெலவெலத்துப்போய், பெண் ஊர் உட்பட எல்லாவற்றையும் நானே உளறிவிட்டேன்.

எனக்கு உதவுவதாக நினைத்து செல்வம் ஒரு தரம் இருமிக்காட்டினான். மாஸ்டரின் முகம் மலர்ந்துவிட்டது. இன்னொரு டப்பாவை அவனிடம் நீட்டி வாங்கி, "இதான் சளி, பாத்துக்க" என்று என்னிடம் காட்டினார். பிறகு அவன் பெயரையும் எழுதி உள்ளே கொண்டுபோனார்.

மறுநாள் காலைச் சளியோடு இரண்டு பேரும் மறுபடி போனோம். முடிவு வருவதற்குள் என் கல்யாணத்தை மனதுக்குள் பலமுறை நிறுத்திவிட்டேன். மாஸ்டர் வெளியே வந்து, "உன் சளியில ஒண்ணுமில்ல, போய் தாலியக் கட்டு" என்று அத்தனை பேர் முன்னால் அறிவித்தார்.

அடுத்து செல்வத்தின் தோளில் கைபோட்டு மரத்துக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனார். சிப்காட் தொழிற்பேட்டையில் அவன் பார்த்த வேலை போய்விடும், ஊரில் யாரும் கிட்டே சேர்க்கமாட்டார்கள் என்று அவன் அழுதது எனக்குக் கேட்டது. மாஸ்டர் சொன்னது மட்டும் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

மாத்திரை முடிந்து, தேறி, சதை போட்ட பிறகுதான் அவனிடம் அதைக் கேட்டேன்.

"'மாத்திரைய நிறுத்தாத, பொழச்சிக்குவ. எங்கிட்டேருந்து வெளிய போவாது'ன்னாரு மச்சான்."

போகவும் இல்லை. இன்றைக்கும் நான் மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்துத்தான் இருமுகிறேன்.