இதர இனங்கள்: பத்து

அவசர சிகிச்சைக்கென்று சர்க்கார் நியமித்த டாக்டர் நான். பெயர் குமாரதாஸ். அவசரம் என்றால் என்னவென்று பதினான்கு வருஷமாகப் பார்த்துவருகிறேன், இன்னும் பிடிபடவில்லை. பாம்பு கடித்தவனை மந்திரவாதியிடம் காட்டி, வேர் கட்டி, ஜாதகம் பார்த்து, மறுநாள் உச்சிப்பொழுதில் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கு அவசரம் இல்லை. இரண்டு தும்மல் தும்மிய பண்ணையார் வில்வண்டி அனுப்பி, வந்த வண்டி திரும்புவதற்குள் இன்னொரு வண்டியும் அனுப்புவார். அவருக்கு அவசரம்.

ஊசியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். யுத்தம் முடிந்த நாளிலிருந்து ஊசி ஒரு நாகரிகமாகிவிட்டது. மாத்திரை கொடுத்தால் ஏழை வைத்தியம், ஊசி போட்டால் கௌரவம். சம்பந்திச் சண்டை ஒன்றில், "எங்க பிள்ளைக்குப் பேறுகாலத்துக்கு ஆறு ஊசி போட்டோம், உங்க வீட்டுல ஒண்ணு போட்டியளா?" என்று கேட்டதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். கேட்கப்பட்டவர்கள் தலைகுனிந்து நின்றார்கள்.

எங்கள் ஆஸ்பத்திரி கல்லுவிளையில், மணவாளக்குறிச்சியிலிருந்து வண்டியில் அரைமணி நேரம். பத்துக் கட்டில், ஒரு ஆபரேஷன் அறை, ஒரு மருந்து அலமாரி, கம்பவுண்டர் முத்துநாயகம், நான். ஐம்பத்தாறாம் வருஷம் ஆவணியில், தெற்கே உள்ள எங்கள் நாலு தாலுக்காவும் பழைய மலையாள சர்க்காரைவிட்டு மெட்ராஸோடு சேரப்போகிறது என்று முடிவாயிற்று. நவம்பர் ஒன்றாம் தேதி மாற்றம். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. அதற்காக நடந்த போராட்டத்தில் தடியடி பட்டு வந்த மண்டைகளுக்குத் தையல் போட்டவன் நான்.

முத்துநாயகம் ஒரு மாதம் முன்பே மெட்ராஸுக்கு மாறிவிட்டான். கழுத்து திறந்த அரைக்கைச் சட்டை தைத்துக்கொண்டான். "என்னவே, எங்க வலிக்கி?" என்று கேட்டுக்கொண்டிருந்தவன், "வாங்க, உக்காருங்க, உடம்புக்கு என்னங்க?" என்று கேட்க ஆரம்பித்தான். வந்தவர்கள் பயந்துபோய், நமக்கு ஏதோ பெரிய வியாதி போலிருக்கிறது என்று வீட்டில் சொல்லி அழுதார்கள். வழக்கமான சிவப்பு மிக்சர் குப்பியில் 'மெட்ராஸ் மிக்சர்' என்று காகிதம் ஒட்டினான். அதன்பிறகு இருமல் இரண்டு நாள் முன்னதாகவே நிற்கிறது என்று ஊரே சொல்லிற்று.

இந்த நிலையில், அக்டோபர் இருபத்தொன்பதாம் தேதி காலையில், பழைய சர்க்காரின் ஒப்படைப்பு ஆபீசர் பொன்னுலிங்கம் வந்து இறங்கினார். கையில் ஒரு அச்சுப் பாரம், ஒரு கட்டு அரக்கு, ஒரு முத்திரை. ஆஸ்பத்திரியில் உள்ள சகல இனங்களையும் பட்டியல் போட்டு, அலமாரிகளுக்கு அரக்கு முத்திரை வைத்து, ஒன்றாம் தேதி புதிய சர்க்காரின் ஆபீசரிடம் ஒப்படைப்பது அவர் பொறுப்பு. நல்ல மனுஷர். இருபத்தாறு வருஷ சர்வீஸில் ஒரு குண்டூசிகூடக் குறைந்ததில்லை என்று தாமே சொன்னார்.

பாரத்தில் மூன்றே கட்டங்கள்: இனம், எண்ணிக்கை, நிலை. நிலை என்பது 'நல்லது', 'பழுது', 'உபயோகமற்றது' என்ற மூன்றில் ஒன்றாக இருக்கவேண்டும். கட்டில் பத்து, நல்லது. தெர்மாமீட்டர் இரண்டு, பழுது. கடைசியில் 'இதர இனங்கள்' என்று ஒரு வரி காலியாக இருந்தது. பொன்னுலிங்கத்துக்குக் காலி வரி என்றால் ஆகாது. சுற்றுமுற்றும் பார்த்தார். கட்டில்களில் ஒன்பது நோயாளிகள் படுத்திருந்தார்கள்.

"நோயாளி, ஒம்பது" என்று எழுதினார்.

மனுஷரை எப்படி ஓய் இனத்தில் எழுதுவது என்று கேட்டேன். சர்க்கார் செலவில் தின்கிறார்கள், சர்க்கார் கட்டிலில் கிடக்கிறார்கள், இவர்கள் பட்டியலில் வராமல் வேறெங்கே வருவார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். பெயர் எழுதவேண்டாமா என்றேன். பாரத்தில் பெயருக்குக் கட்டம் இல்லை என்றார்.

நிலை எழுதுவதில்தான் சிக்கல் வந்தது. குளச்சல் கதீஜா உம்மாளுக்கு நாள்பட்ட இழுப்பு. அவரைக் கருதி ஒன்பதில் ஒன்று 'பழுது' என்று எழுதப் போனார்.

"வாப்பா, நீ பழுதுண்ணு எழுதிட்டுப் போயிருவே. எனக்க மருமவ காதுல விழுந்தா நான் அந்த வீட்டுல இருக்கண்டாமா?" என்றார் உம்மாள், மூச்சு வாங்க.

பொன்னுலிங்கம் 'நல்லது' என்று திருத்தினார். அதைக் கேட்டு மற்ற எட்டுப் பேரும் நல்லது கேட்டார்கள். கால் எடுத்தவரும் கேட்டார். அன்று மாலை ஒன்பது நோயாளிகளும் நல்ல நிலையில் இருந்தார்கள். வைத்திய சரித்திரத்தில் இப்படி ஒரு நாள் எனக்கு வாய்த்ததில்லை. அலமாரிக்கு அரக்கு வைத்தாயிற்று; கத்தி, கத்தரி, குளோரபாரம் எல்லாம் உள்ளே.

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு ததேயுஸை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். கரையில் நின்று கரமடி வலை இழுத்தபோது குடல் இறங்கிச் சுருக்கிக்கொண்டது. வயிறு பலகையாக இருந்தது. கூட வந்த மனைவி பிலோமி வண்டியைவிட்டு இறங்கவில்லை. அவன் தலையை மடியில் வைத்தபடியே இருந்தாள். நான் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். மூன்று மணிக்குள் அறுத்துச் சரிசெய்யாவிட்டால் குடல் அழுகிவிடும். நாகர்கோவிலுக்கு வண்டியில் நாலு மணி நேரம். பஸ்ஸெல்லாம் விழாவுக்குத் தோரணம் கட்டப் போயிருந்தது.

அலமாரியைத் திறக்கச் சொன்னேன்.

"ஒண்ணாந் தேதி காலையில தொறக்கலாம் சாரே" என்றார் பொன்னுலிங்கம். "ஏற்கிற ஆபீசர் முன்னிலையிலதான் முத்திரையை உடைக்கணும். உத்தரவு அப்படி."

"அதுவரைக்கும் இவன் இருக்கமாட்டான் ஓய்."

"எனக்கும் மனசு கேக்கலை சாரே. ஆனா இந்த ஆளு பட்டியல்ல இல்லையே. பட்டியல் நேத்தே முடிஞ்சாச்சு."

பிலோமி வண்டியிலிருந்து இறங்கி ஓடிவந்து அவர் காலில் விழுந்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டு, தாயே, நான் கையொப்பம் போடுகிறவன்தான், உத்தரவு போடுகிறவன் இல்லை என்று அழமாட்டாத குறையாகச் சொன்னார். இரக்கம் அவரிடம் நிறைய இருந்தது. அதற்கும் பாரத்தில் கட்டம் இல்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் சட்டையைப் பிடிக்கத்தான் போனேன். போகிற வழியில் மேஜைமேல் நோயாளிகளைச் சேர்க்கும் ரிஜிஸ்தர் கிடந்தது. கை அதற்குப் போயிற்று. ததேயுஸின் பெயரை எழுதி, பத்தாம் கட்டில் என்று குறித்து, கையொப்பமிட்டு, அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இப்போ நோயாளி எத்தனை?" என்றேன்.

"பத்து."

"பட்டியல்ல?"

"ஒம்பது." அவர் பேனாவை எடுத்துப் பத்து என்று திருத்தினார். கணக்குச் சரியாக இருக்கவேண்டும் என்பது அவருக்கு மூச்சு விடுவதுபோல.

"மூணு மணிக்கு இவன் செத்தா எத்தனை?"

பொன்னுலிங்கம் பட்டியலின் கடைசி வரியைப் பார்த்தார்.

"ஒரு இனம் குறையும். ஏன் குறைஞ்சுதுண்ணு பழைய சர்க்காருக்கு மலையாளத்துல ஒரு விளக்கம் எழுதணும். புது சர்க்காருக்கு இங்கிலீஷுல ஒண்ணு எழுதணும். இருபத்தாறு வருஷ சர்வீஸுல குண்டூசி குறையாதவரு, ஒரு முழு ஆளைக் குறைச்சிருக்கீருண்ணு எழுதுவாவ."

அவர் தம் பேனாக்கத்தியால், தம் கையாலேயே, அரக்கை உடைத்தார். எனக்கு முன்னால் ஆபரேஷன் அறைக்கு ஓடி விளக்கையும் அவர்தான் பிடித்தார். அறுத்த இடத்தைப் பார்த்ததும் மயங்கி விழுந்தார்; அவரை வெளியே இழுத்துப் போட்டோம்.

முத்துநாயகம் குளோரபாரம் விட, நான் இரண்டரை மணி நேரம் வேலை செய்தேன். வெளியே மயக்கம் தெளிந்த பொன்னுலிங்கத்துக்குச் சும்மா இருக்க முடியவில்லை. சிப்பந்திகளின் பட்டியலைப் போட ஆரம்பித்தார். சமையல்காரி, ஆஜர். தோட்டி, ஆஜர். வெந்நீர் எடுக்க வெளியே வந்த முத்துநாயகமும் ஆஜர். கதவைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். குடலைக் கையில் வைத்துக்கொண்டிருந்தவன், "போவும் ஓய்" என்று கத்தினேன். போய்விட்டார்.

ததேயுஸ் பிழைத்தான்.

ஒன்றாம் தேதி கொட்டு முழக்கம், வெடி, சர்க்கரைப் பொங்கல். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த புதிய ஆபீசர் சாரங்கபாணி, மறுபடி அரக்கு வைத்திருந்த அலமாரி முதல் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து, நோயாளி பத்து, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று கையொப்பமிட்டார். பொன்னுலிங்கம் என் கையைப் பிடித்து, என் மானத்தைக் காப்பாற்றினீர்கள் என்று கண் கலங்கிவிட்டு வடக்கே பஸ் ஏறினார்.

பன்னிரண்டு நாளில் தையல் பிரித்தேன். வீட்டுக்குப் போகலாம் என்று ததேயுஸுக்குச் சீட்டு எழுதினேன். அவன் வள்ளத்துக்குப் போனால்தான் அவன் வீட்டில் அடுப்பு எரியும். கோட்டாறு சவேரியாருக்கு ஒரு நேர்ச்சையும் பாக்கி இருந்தது. சாரங்கபாணி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இவர் பட்டியலில் ஏற்றுக்கொண்ட இனம். வெளியே அனுப்பணும்னா உபயோகமற்றதுன்னு கழிக்கணும். அதுக்கு மெட்ராஸ்லேர்ந்து உத்தரவு வரணும்" என்றார். "அது கிடக்கட்டும். இந்தக் கையெழுத்து யாருடையது?"

"என்னுடையது. நான் டாக்டர்."

அவர் சிப்பந்திப் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை விரல் வைத்துப் படித்தார். "டாக்டர்னு ஒருத்தரும் இல்லையே சார்."

சேர்த்துக்கொள்ளும் என்றேன். பேஷாகச் சேர்க்கலாம், ஆனால் புதிதாகச் சேருகிறவரின் உடல்நிலை பற்றி இந்த ஆஸ்பத்திரி டாக்டரின் சர்டிபிகேட் வேண்டும் என்றார். நான்தான் அந்த டாக்டர் என்றேன்.

"அதைத்தானே சார் பட்டியல் சொல்லலை" என்றார், ரொம்ப மரியாதையாக.

விண்ணப்பம் எழுதினேன். மெட்ராஸுக்குப் போயிற்று. அதுவரை நான் அந்த ஆஸ்பத்திரியில் யாரும் இல்லை. சாரங்கபாணி தினமும் காலை பத்து மணிக்கு நோயாளிகளின் தலையை எண்ணுவார். ததேயுஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடல் இருக்கும் திசையைப் பார்த்து நிற்பான். பிலோமி வாசலில் உட்கார்ந்து, வட்டிக்காரர்கள் நீட்டிய வாங்கக்கூடாத கடனுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தாள். மனிதர்களை இனம் என்று முதலில் சொன்னது பொன்னுலிங்கம். அதை வாதமாக்கி வென்றவன் நான். மனசு உறுத்திற்று.

ஒருநாள் காலையில் ததேயுஸைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டு, பத்தாம் கட்டிலில் நான் படுத்துக்கொண்டேன். சாரங்கபாணி வந்தார். ஒன்று முதல் எண்ணிக்கொண்டே வந்து என் முகத்தைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். "பத்து" என்று சொல்லிக் கையொப்பமிட்டார். எண்ணிக்கை சரி, நிலை நல்லது, பெயருக்குக் கட்டம் இல்லை. அவருக்கு வேறென்ன வேண்டும்?

கட்டில் வாழ்க்கை மோசமில்லை. வேளாவேளைக்கு ரொட்டியும் பாலும் வந்தது. பனையிலிருந்து விழுந்து கை ஒடிந்த இசக்கியைக் கொண்டுவந்தபோது, கட்டிலில் உட்கார்ந்தபடியே எலும்பைச் சேர்த்து மாவுக்கட்டுப் போட்டேன். நோயாளிக்கு நோயாளி ஒத்தாசை செய்வதை எந்த விதியும் தடுக்கவில்லை என்று சாரங்கபாணி புத்தகம் பார்த்துச் சொன்னார். முத்துநாயகம் என் நெற்றியைத் தொட்டு, "இன்னைக்கு எப்படிங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டு மெட்ராஸ் மிக்சர் ஒரு அவுன்ஸ் கொடுத்தான். குடித்தேன். கசப்பு பழையதுதான்.

கார்த்திகை பாதியில் ஊரார் மகஜர் ஒன்று தயாரித்தார்கள். முத்துநாயகம்தான் வாசகம் எழுதியது: 'பெருமதிப்பிற்குரிய சமூகத்துக்கு. இவ்வூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்று ஒருவரும் இல்லாமல், கட்டிலில் கிடக்கும் நோயாளியே வைத்தியம் பார்க்கும் பரிதாப நிலை உள்ளபடியால், அவசரத்துக்கு ஒரு டாக்டரை அனுப்பி ரட்சிக்க வேண்டும்.' கையொப்பம் வாங்க இசக்கி என் கட்டிலுக்கு வந்தான். வலது கை என் மாவுக்கட்டில் இருந்ததால் இடது கையில் காகிதத்தைப் பிடித்திருந்தான். முதல் கைநாட்டு ததேயுஸுடையது.

ததேயுஸும் கூட வந்திருந்தான். நேர்ச்சை முடித்துவிட்டு, ஓலைப்பெட்டியில் இரண்டு சாளை மீனும் ஒரு மெழுகுவர்த்தித் துண்டும் எனக்கென்று கொண்டுவந்திருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் கண் நிறைந்துவிட்டது.

"உங்களுக்காவத்தான் சவேரியாரிட்ட வேண்டிக்கிட்டேன் டாக்டரே" என்றான். "எனக்க உயிரைக் காத்த மனுஷன் இப்படிக் கட்டில்ல கெடக்காரு, இவருக்கு ஒரு நல்ல டாக்டரை அனுப்பித்தாரும்ணு."

நான் மகஜரை வாங்கி இரண்டு தடவை படித்தேன். குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை; நியாயமான கோரிக்கை. பேனாவை வாங்கி நாற்பத்திரண்டாவது ஆளாகக் கையொப்பமிட்டு, பக்கத்தில் 'நோயாளி, பத்தாம் எண்' என்று எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து செல்லுபடியாகும் காகிதம் அது ஒன்றுதான்.