கரடித்துரை தங்கிய வாரம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நீயும் அத்தானும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள்; யோசனை சொன்னவர்களுக்கு என்ன குறை? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நாற்பத்தேழு வயதில் ஒரு பொம்மைக்குப் பயந்து, குளியலறையில் தாழ்போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

"இந்த வயசுல விட்டா அப்புறம் நாக்கு வளையாதுடா" என்று நீ சொன்னதால்தானே, சின்னவளைப் பள்ளி விட்டபின் நடக்கும் பிரெஞ்சு வகுப்பில் சேர்த்தோம்? மூன்று மாதமாக மற்ற பிள்ளைகள் பாடுகின்றன, கைதட்டுகின்றன. இவள் வாயே திறக்கவில்லை. "வர்ற வெள்ளிக்கிழமை ரெண்டு வரியாவது பேசணும் சார். இல்லேன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சொல்லி, டீச்சர் ஒரு துணிக்கரடியைக் கொடுத்தனுப்பினார். வாரம் ஒரு பிள்ளை வீட்டில் அது தங்கும். வீட்டில் நடந்ததை அந்தப் பிள்ளை வகுப்பில் பிரெஞ்சில் சொல்ல வேண்டும். "இதுக்குத் தமிழ் தெரியாது. யாரும் இது எதிர்ல தமிழ் பேசக் கூடாது, எழுதவும் கூடாது" என்று சின்னவள் வாசலிலேயே அறிவித்துவிட்டாள். என் மனைவி அதற்குக் கரடித்துரை என்று பெயர் வைத்தாள். அதுதான் கடைசியாக அவள் கூடத்தில் பேசிய தமிழ்.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு மூன்றே சொல்: வணக்கம், நன்றி, பூனை. இதை வைத்துக்கொண்டு கேஸ் தீர்ந்துபோனதை எப்படிச் சொல்வது? அடுப்பைக் காட்டி "பூனை" என்றேன். அவள் "நன்றி" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். எங்கள் சண்டையெல்லாம் உனக்குத் தெரியாததா? அதையும் லிஃப்டுக்குள் வைத்துக்கொண்டோம். மேலே போகும்போது நான், கீழே வரும்போது அவள். வாட்ச்மேன் "லிஃப்ட் ரிப்பேரா சார்?" என்கிறார். நேற்று துரை மேல் காப்பியைக் கொட்டிவிட்டேன். துவைத்ததில் ஒரு கண் போய்விட்டது. என் ஆபீஸ் சட்டைப் பட்டனைத் தைத்திருக்கிறோம். ஒரு கண் கறுப்பு, ஒரு கண் வெள்ளை. பார்க்கவே பயமாக இருக்கிறது.

நாளை வெள்ளிக்கிழமை. மாடிப்படியில் வைத்துக் கேட்டேன், "என்னடி சொல்லப்போற?" "தெரியலப்பா" என்று நகத்தைக் கடித்தாள். அக்கா, வகுப்பு நாளில் மட்டும் யாரும் சொல்லாமல் தானே ஷூ மாட்டிக்கொள்கிற பிள்ளை அது. வகுப்பை விட்டு அனுப்பிவிட்டால் என்ன செய்யும்? கதவை வேறு தட்டுகிறார்கள்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. அவர்களை எந்த வகுப்பிலும் சேர்க்காதே.

இப்படிக்கு,
ஓய்ந்துபோன உன் தம்பி

பின்குறிப்பு: வெள்ளி மாலை. பேசிவிட்டாள் அக்கா! ரெண்டு வரி கேட்ட இடத்தில் ஐந்து வரி. எனக்கு ஒன்றும் புரியவில்லை, டீச்சர்தான் கடைசி வரியைச் சொன்னார்: "இந்த வாரம் முழுக்க எங்க வீட்டுல அம்மாவும் அப்பாவும் கத்தலை." நான் அசடு வழிந்தபடி, "எல்லாம் உங்க கண்டிப்பாலதான் மேடம், கரடி எதிர்ல தமிழே கூடாதுன்னு சொல்லிட்டீங்களே" என்றேன். "அப்படி நாங்க யாருக்கும் சொல்றதில்லையே சார்" என்றவர், கரடியைக் கையில் வாங்கி, "கண்ணுக்கு என்னடா ஆச்சு?" என்று அதனிடமே தமிழில் கேட்டார்.