ஆறாவது ஆளுக்கு இடமில்லை

அன்புள்ள தங்கைக்கு,

உன் அக்கா எழுதுகிறேன். கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று நமக்குக் கான்வென்ட்டில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் விசாரிக்கிறேன். நீ நலமா? உன் வீட்டுக்காரரின் இருமல் குறைந்ததா? என் முழங்கால்கள் இரண்டும் இருக்கிற இடத்தில் இருக்கின்றன. நலத்தைப் பற்றி எழுத இதற்கு மேல் ஒன்றுமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் குழு பனிமலைக் கோட்டைக்குப் போகும்போது நான் உங்களோடு வரப்போவதில்லை. நாலாவது இடத்தை உன் நாத்தனாருக்கே கொடுத்துவிடு. இதைப் போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நான் அதற்குப் பதில் சொல்வேன், அப்புறம் நாம் எதற்குப் பேச ஆரம்பித்தோம் என்றே மறந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் இருவருக்கும் போனில் பேச வராது. நீ "சாப்பிட்டியா" என்பாய். நான் "சாப்பிட்டேன்" என்பேன். "என்ன சாப்பிட்ட?" என்பாய். "ஏன், எனக்குச் சமைச்சுக்க வராதுன்னு நினைச்சியா?" என்பேன். அதோடு ஒரு வாரம் போகும். என் வீட்டுக்காரர் போன பிறகு இது இன்னும் மோசமாகிவிட்டது. அப்போதுதான் நீ இந்த விளையாட்டை என் தலையில் கட்டினாய். "அக்கா, நீ பேசவே வேணாம். கம்ப்யூட்டர்ல ஆளுக்கு ஒரு வேஷம். நான் வாளெடுத்துக்கிட்டு முன்னாடி நடப்பேன், நீ பாட்டுக்குப் பின்னாடி வா. காதுல மாட்டிக்கிட்டா என் குரல் கேக்கும். கைக்கு வேலை இருந்தாத்தான் நம்ம ரெண்டு பேர் வாயும் ஒழுங்கா இருக்கும்" என்றாய். நீ சொன்னது சரிதான். அதை மறுக்கமாட்டேன். நீ பேய்களை வெட்டிக்கொண்டே உன் மருமகளைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபமே வருவதில்லை. அந்தச் சாயங்கால ஒரு மணி நேரம் போகப்போகிறதே என்பது ஒன்றுதான் எனக்கு வருத்தம். மற்றதெல்லாம் அலுப்பு.

அந்த அலுப்பு எங்கே ஆரம்பித்தது என்று கேள். ஆளை உருவாக்கும் பக்கத்தில்தான். கேள்வி கேட்டால் உண்மையான பதில் சொல்ல வேண்டும் என்றுதான் நம்மை வளர்த்தார்கள். பெயர் கேட்டது, மூத்தவள் என்று போட்டேன். நம் வீட்டில் நான் அதுதான். வயது கேட்டது, உள்ளதைப் போட்டேன். முகத்தில் சுருக்கம் எவ்வளவு என்று ஒரு கோட்டைக் காட்டி இழுக்கச் சொன்னது. கண்ணாடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நேர்மையாக இழுத்தேன். உன் குறைகள் என்னென்ன என்று கேட்டது. முழங்கால், உயரத்தைக் கண்டால் பயம், சளி, இரவில் கண் மங்கல் என்று பொருந்தியது எல்லாவற்றையும் தொட்டேன். ஒவ்வொரு குறைக்கும் ஈடாக ஒரு திறமையை எடுத்துக்கொள்ளலாமாம். தன்னைத்தானே புகழ்ந்துகொள்வது அழகில்லை என்று அதை விட்டுவிட்டேன். கடைசியில் தொழில் கேட்டது. போர்வீரர், வில்லாளி, மந்திரவாதி, திருடர், மருத்துவச்சி என்று வரிசையாக இருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, சின்ன எழுத்தில், 'ஊர்வாசி' என்று ஒன்று. நான் ஊர்வாசி. கையில் ஒரு துடைப்பம் கொடுத்தார்கள்.

மறுநாள் நீ கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "உனக்கு மருத்துவச்சின்னு இருந்தது கண்ல படலையா? எங்களுக்கு வேண்டியதே அதுதானேக்கா!"

கண்ணில் பட்டது. ஆனால் நான் வைத்தியம் படிக்கவில்லையே. படிக்காமல் வைத்தியம் பார்ப்பவர்களைப் பற்றி நீயும் நானும் எவ்வளவு பேசியிருக்கிறோம்?

மூத்தவளால் அந்த ஊரை விட்டு வெளியே போகவே முடியவில்லை. ஊர்வாசலுக்குப் படி ஏற வேண்டும். அவளுக்குத்தான் நான் முழங்கால் வலியை எழுதிக் கொடுத்திருக்கிறேனே. இரண்டு படி ஏறுவாள், உட்கார்ந்துவிடுவாள். உங்கள் தலைவர் பல் டாக்டர் மேலே நின்றுகொண்டு "வாங்கம்மா, மெதுவா வாங்க" என்று நாற்காலியில் உட்கார வைக்கிற குரலில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். லாரி ஓட்டுபவர், பாவம், ஏதோ பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்திவிட்டு வந்தவர், கடைசியில் "அம்மாவ விட்டுட்டு நாம போவோம் டாக்டர், என்னைய ஓனர் தேடுவாரு" என்றார். எனக்கு எவ்வளவு அவமானம்.

சரி, வேறு ஆளை உருவாக்கு என்றாய். உருவாக்கினேன். உருண்டை என்று ஒரு குள்ளன். நல்ல தோள், நல்ல தாடி, முழங்காலில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஊருக்கு வெளியே போய் ஒரு ஓநாயைக் கொன்றால்தான் அடுத்த படி என்றார்கள். போனேன். ஓநாய் அது பாட்டுக்கு ஒரு மரத்தடியில் படுத்திருந்தது. என்னை ஒன்றும் செய்யவில்லை, நான் எதற்கு அதை அடிக்க வேண்டும்? திரும்பி வந்து ஒரு கொல்லன் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். உருண்டை இன்றைக்கும் அங்கே ஆணி அடித்துக்கொண்டிருக்கிறான். அவன் அடிக்கிற ஆணி கோணுவதே இல்லை.

மூன்றாவது நெட்டை. காது நீண்ட இனத்து வில்லாளிப் பெண். அந்த இனத்துப் பெண்களுக்குக் கொடுத்திருக்கிற உடுப்பைப் பார்த்தாயா? தையல்காரர் பாதியில் எழுந்து சாப்பிடப் போனவர் திரும்பி வரவே இல்லை போலிருக்கிறது. கடைக்காரனிடமிருந்து ஒரு போர்வை வாங்கிப் போர்த்திவிட்டேன். அது குதிரைக்குப் போடுகிறதாம். போர்த்திக்கொண்டால் வில்லை வளைக்கக் கை வெளியே வராது. நீ சிரித்த சிரிப்பில் என் காதில் மாட்டியிருந்தது கழன்று விழுந்தது. சிரி. நான் அந்தப் போர்வையை எடுப்பதாக இல்லை.

அப்புறம் வாத்தியார் என்று ஒரு மந்திரவாதி. இவரைப் பற்றி நான் பெருமையாகவே இருந்தேன். உங்களோடு காடு வரைக்கும் வந்தார், நீயும் நானும் நிறையப் பேசினோம். உன் மருமகள் வேலைக்குப் போவது நியாயம்தான் என்று உன்னையே சொல்ல வைத்தேன், ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கென்று தும்மல் வந்தது. கை தவறி எந்த பட்டனிலோ பட்டது, வாத்தியார் கோலிலிருந்து நெருப்பு கிளம்பியது. டாக்டருக்குத் தாடி மீசை எல்லாம் போய்விட்டது. அவர் கோபித்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "பரவாயில்லம்மா, கொஞ்சம் எரியும், அவ்வளவுதான்" என்றார். அதற்குப் பிறகு வாத்தியாரை எடுக்கவே எனக்குக் கை வரவில்லை.

ஐந்தாவது பூனை. பூனை மூஞ்சியோடு ஒரு திருடி. இது என் யோசனை இல்லை. எனக்குக் கம்ப்யூட்டரில் உதவுகிற மாடிவீட்டு நர்ஸ் சொன்னாள், "திருடிதாம்மா சுலபம். யாரையும் அடிக்க வேணாம், தள்ளி நின்னு பையில கைய விட்டா போதும்." விட்டேன். ஒரு கிழவரின் பை. வீட்டுக்குப் போய் அவர் என்ன சொல்வார் என்று நினைத்ததும் மனசு கேட்கவில்லை. ஓடிப்போய்த் திருப்பிக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டேன். கேட்டது காவலன் காதில் விழுந்துவிட்டது. பூனை இப்போது உள்ளே இருக்கிறாள். சாயங்காலம் ஒருமுறை போய்க் கூட உட்கார்ந்துவிட்டு வருகிறேன். ஜன்னல் இல்லாத அறை, ஆனால் சுத்தமாக வைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் போன வெள்ளிக்கிழமை நீ போன் செய்தாய்.

"அக்கா, டாக்டர் கண்டிஷனா சொல்லிட்டாரு. பனிமலைக்கு மருத்துவச்சி இல்லாமப் போனா எல்லாரும் போய்ச் சேர வேண்டியதுதான். அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள நீ ஆகுறியா, இல்ல…"

"இல்லைன்னா?"

"எங்க நாத்தனார் ரெடியா இருக்கா. ரெண்டே நிமிஷத்துல மருத்துவச்சி பண்ணிட்டா."

"அவ வைத்தியம் படிச்சாளா?"

"அக்கா!"

"கேள்விதானே கேட்டேன்."

"அவ பத்தாவதே முடிக்கல, உனக்குத் தெரியாதா? அங்க யாரும் சர்டிபிகேட் கேக்கல. பட்டனைத் தொட்டாக் காயம் ஆறிடும். இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல? அந்த இடத்துல அவ வந்துட்டாள்னா அப்புறம் எழுந்திரிக்க மாட்டா. ஒரு மணி நேரமும் அவளேதான் பேசுவா. உனக்கே தெரியும்."

தெரியும். உன் கல்யாணத்திலேயே தெரிந்துகொண்டேன். அதனால்தான் சரி என்றேன். கொள்கையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, முதலுதவி அளவுக்கு மட்டும் செய்கிற ஒரு மருத்துவச்சியை உருவாக்கலாம் என்று உட்கார்ந்தேன். மாடிவீட்டு நர்ஸும் பக்கத்தில் இருந்தாள். பட்டனைத் தொட்டால், ஒரு கணக்குக்கு ஐந்து பேர்தான், ஆறாவது ஆளுக்கு இடமில்லை, இருப்பவர்களில் ஒருவரை அழித்துவிட்டு வரவும் என்று வந்தது. ஐந்து பேரும் வரிசையாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குள்ளனைத் தூக்கிடலாம்மா, சும்மா ஆணிதான அடிக்கிறான்" என்றாள் நர்ஸ்.

உருண்டையைத் தொட்டேன். நிச்சயமாக அழிக்கவா என்று கேட்டது. ஆம் என்றேன். அப்படியானால் அழிக்க வேண்டியவரின் பெயரை நீங்களே எழுத்து எழுத்தாகத் தட்டுங்கள் என்றது. தட்ட ஆரம்பித்தேன். கடைசி எழுத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

உனக்கு நான் இதைச் சொன்னதில்லை. அவர் போன பிறகு அவர் பெயரை எடுக்க எத்தனை இடத்துக்கு அலைந்தேன் தெரியுமா? பாங்கில், கரண்ட் ஆபீசில், தண்ணீர் வரிக்கு, நூலகச் சீட்டுக்கு. ஒவ்வொரு ஜன்னலிலும் உள்ளே இருந்தவர் தலை நிமிராமல் "எடுத்துடலாமா?" என்று கேட்டார். "ஆமாம், எடுத்துவிடுங்கள்" என்று முழு வாக்கியமாகச் சொன்னேன். எல்லா இடத்திலும் அவர் பெயரை என் கையாலேயே எழுதிக் கொடுக்க வைத்தார்கள், எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாதாம். வாசல் பலகையில் மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். தபால்காரர் இன்னும் அதைப் பார்த்துத்தான் மணியடிக்கிறார்.

"அதுங்களுக்கு என்னம்மா உயிரா இருக்கு?" என்றாள் நர்ஸ்.

"இல்லைன்னு எனக்கும் தெரியும்மா. பேர் இருக்குல்ல" என்றேன். அவள் என் பிரஷரைப் பார்த்துவிட்டு மேலே போனாள்.

அதன் பிறகு நெட்டையைப் பார்த்தேன். போர்வையோடு நிற்கிறாள். வாத்தியாரைப் பார்த்தேன். ஒரு தும்மலுக்காக ஒரு மனுஷனை ஒழித்துக்கட்டுவதா? பூனை தண்டனையை ஒழுங்காக அனுபவித்துக்கொண்டிருக்கிறாள், வெளியே வருவதற்குள் ஆளே இல்லை என்றால் என்ன நியாயம்? இவர்களை எல்லாம் யார் கேட்டார்கள், நான்தானே கொண்டுவந்தேன்? கொண்டுவந்தவளே ஒரு இடம் வேண்டும் என்பதற்காக ஒருவரைப் பிடித்து வெளியே தள்ளுவதா? எனக்குக் களைப்பாக இருக்கிறது, தங்கையே. இந்த வயதில் புதுசாக ஒரு ஜன்னல் முன்னால் போய் நிற்க எனக்குத் தெம்பில்லை, அது கண்ணாடிக்குள்ளே இருக்கிற ஜன்னலாக இருந்தாலும்.

ஆகவே இதை என் ராஜினாமாவாக வைத்துக்கொள். டாக்டரிடம் அவர் தாடிக்காக மறுபடி வருத்தம் தெரிவித்ததாகச் சொல். லாரி ஓட்டுபவரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டச் சொல். உன் நாத்தனாருக்கு என் வாழ்த்துகள். அதை நான் மனப்பூர்வமாக எழுதியிருக்கிறேன் என்றும் சொல், இந்தக் கடிதத்தை மட்டும் காட்டிவிடாதே. போனில் பேசும்போது நான் என்ன சாப்பிட்டேன் என்று இனிமேல் கேட்காதே, நானும் உன்னிடம் கோபப்படாமல் இருக்கப் பார்க்கிறேன். நீயும் உன் வீட்டாரும் நீண்ட ஆயுளோடு, சண்டை சச்சரவு இல்லாமல், மருமகளையும் மதித்து வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அன்பு அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் ஐவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு வரலாம் என்று கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஒருத்தியை அழித்துவிட்டேன். மூத்தவளை. பெயரை ஒரு பிழையும் இல்லாமல் தட்டினேன், விரல் எங்கும் நிற்கவில்லை. மற்ற நாலு பேருக்கும் அந்த ஊரை விட்டால் வேறு இடமில்லை. அவளுக்குத்தான் இங்கே நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே. காலியான இடத்துக்கு மருத்துவச்சி வந்தாயிற்று. வயது பத்தொன்பது. குறைகள் என்ற இடத்தில் ஒன்றையும் தொடவில்லை, திறமைகளில் கிடைத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டேன். அவளுடைய பழைய கதையை எழுதச் சொன்னார்கள். வைத்தியப் படிப்பில் தங்கப் பதக்கம் என்று எழுதியிருக்கிறேன். உன் நாத்தனாரிடம் இடமில்லை என்று சொல்லிவிடு, காரணமெல்லாம் சொல்ல வேண்டாம். இன்னும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை டாக்டருக்கும் லாரிக்காரருக்கும் முன்னால் என்னை அக்கா என்று கூப்பிட்டு மானத்தை வாங்காதே. உன் வீராங்கனைக்கு முப்பது வயது என்று நீயே போட்டிருக்கிறாய். நான் உன்னை அக்கா என்று கூப்பிடுகிறேன். அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும்.