வேடிக்கை பார்க்கும் ஒயர்கள்

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் என் இடது சட்டைக் கை மேஜை விரிப்போடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கும்போது பொய் எழுத மனம் வரவில்லை. சட்டையைக் கழற்றிவிடலாம்தான். சாட்சியைக் கலைக்கக் கூடாதே என்று விரிப்போடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

தையல் மெஷின் படுத்தும் பாட்டையெல்லாம் மகளிடம் போனில் சொல்லிப் பார்த்தேன். நான் கால் மணி நேரம் புலம்பியது, உங்களிடம் போய்ச் சேரும்போது "மெஷின் நல்லா ஓடுதாம்" என்று சுருங்கிவிடுகிறது. அதனால்தான் நேரடியாகவே எழுதுகிறேன்.

உங்கள் அத்தைக்குக் கைப்பந்துக் குழுச் சட்டைகளில் சின்னம் தைக்கும் வேலை வந்திருக்கிறது. உறவுமுறைக்காக இல்லாமல் வெளியாள் நம்பிக் கொடுத்த முதல் வேலை. நாளை மறுநாள் கொடுக்காவிட்டால் தையல் மெஷினை மூடி வைத்துவிடப் போவதாகச் சொல்கிறாள். மாடி அறையில் வெளிச்சம் உண்டு, பிளக் இல்லை. ஆகவே நீங்கள் கொடுத்த மின்சாரப் பெட்டி கீழே கூடத்தில், மெஷின் மேலே. மெஷினுக்கு வேண்டிய பன்னிரண்டு வோல்ட்டைப் பெட்டி பெருமையாகக் காட்டுகிறது. மேலே தடித்த துணியைக் கண்டதும் மெஷின் முனகுகிறது. நீங்கள்தான் விளக்கினீர்கள்: "மாமா, பெட்டி தன் வாசல்ல பாத்துட்டுச் சொல்லுது. வழியில குறையறது அதுக்குத் தெரியாது. நாலு ஒயர் போடணும்."

எனக்கு உடனே புரிந்தது. உங்கள் அத்தைக்கும் ஓர் உதாரணத்தோடு விளக்கினேன். ஒருவனிடம் வாளித் தண்ணீர் கொடுத்து மாடிக்கு அனுப்புகிறோம். படியெல்லாம் சிந்திக்கொண்டே போகிறான். எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று கீழ்ப்படியில் நின்று பார்த்தால் தெரியுமா? வெறுங்கையோடு இருவர் மேலே நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவர்கள் எதையும் சுமக்கவில்லை, அதனால் எதையும் சிந்தவும் மாட்டார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டுக் கீழே கொஞ்சம் கூடுதலாக ஊற்றி அனுப்பலாம். தடித்த ஒயர் இரண்டும் சுமப்பதற்கு, மெல்லிய ஒயர் இரண்டும் பார்ப்பதற்கு. ஊசியில் நூல் கோத்தபடியே அவள் சொன்னாள்: "சும்மா நின்னு வேடிக்கை பாக்க இன்னும் ரெண்டு பேரா? ஏற்கெனவே ஒருத்தர் இருக்கீங்களே, போதாதா?"

எலக்ட்ரீஷியன் வந்தார். வேலை செய்யாத ஒயரை எதற்கு மாடி வரை இழுக்க வேண்டும் என்று, மெல்லிய இரண்டையும் கீழே பெட்டியின் வாயிலேயே முடிந்துவிட்டார். அதாவது, பார்த்துச் சொல்ல வேண்டிய இருவரையும் கீழ்ப்படியிலேயே உட்கார வைத்துவிட்டார். பெட்டி அச்சுப் பிசகாமல் பன்னிரண்டு காட்டியது, மெஷின் பழையபடி முனகியது. "சார், மீட்டர் கரெக்டா இருக்கு, மெஷினை மாத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிறகு அந்த இரண்டையும் நானே அவிழ்த்து, மாடிக்கு இழுத்து, மெஷினின் வாயில் மாட்டினேன். என்ன அழகாக ஓடியது! பார்க்கலாமே என்று மேஜையில் கை ஊன்றிக் கொஞ்சம் குனிந்தேன். அந்த நூல் போன்ற ஒயர் என் செருப்பில் சிக்கியது என் குற்றமா? நீங்கள் கொஞ்சம் பருமனாக அனுப்பியிருக்கலாம். ஒயர் கழன்றதும், மேலே ஒரு சொட்டுக்கூட வந்து சேரவில்லை என்று பெட்டி பதறிப்போய் வாளி வாளியாகக் கொட்டியது. மெஷின் வெறிபிடித்து ஓடிச் சின்னத்தைத் தாண்டியது, துணியைத் தாண்டியது, விரிப்பையும் என் சட்டைக் கையையும் ஒன்றாக்கிவிட்டு நின்றது. உங்கள் அத்தை என்னோடு பேசவில்லை. கத்தரிக்கோலும் தர மறுக்கிறாள்.

ஆகவே உடனே புறப்பட்டு வந்து பெட்டியை எடுத்துச் செல்லவும். நீங்கள் இருவரும் நீடூழி வாழ்க. நீங்கள் அனுப்பும் அன்பு இங்கே குறையாமல்தான் வந்து சேர்கிறது. குறைவதெல்லாம் வோல்ட் மட்டுமே.

ஆசிகளுடன்,
மாமா

பின்குறிப்பு, அத்தை எழுதுவது: மாப்பிள்ளை, தபால்ல போடச் சொன்னார், படிச்சுட்டுத்தான் போடறேன். இவர் கீழ உக்காந்து இவ்வளவையும் எழுதி முடிக்கறதுக்குள்ள, கழண்ட ஒயரை நானே மாட்டித் திருகி இறுக்கிட்டேன். சின்னம் எல்லாம் தைச்சு முடிச்சாச்சு, மெஷின் நல்லா ஓடுது. பெட்டி இங்கயே இருக்கட்டும், நீங்க அலைய வேண்டாம். இனிமே அந்தப் பெட்டி மாதிரி நீங்களும் மாமா சொல்றதைக் கேட்டு அங்கிருந்து எதையும் ஏத்தியோ இறக்கியோ வைக்காதீங்க. நாலு ஒயரும் நல்லாத்தான் இருக்கு. இந்த அஞ்சாவது ஒயர்தான் கொஞ்சம் லூசு.