ஜெலகாத்தின் குதிகால்

கருவியின் கணக்குப்படி, பர்மசாயின் குதிகால் தசைநாண் பழைய ரப்பர் வளையம் போலத் தொளதொளத்துப் போயிருந்தது.

கென்யாவின் எல்டோரெட் நகரில் ஓட்டக்காரர்களின் கால்களை ஆராயும் விரிவுரையாளர் அவர். அன்று ஆள் வராததால் தன் காலையே இரும்புப் பலகையில் வார் போட்டுக் கட்டச் சொல்லியிருந்தார். முன்பாதத்தால் பலகையை அழுத்தினால் கெண்டைக்கால் சதை சுருங்கி நாணை இழுக்கும். நாண் எவ்வளவு நீள்கிறது என்பது ஸ்கேன் திரையில் தெரியும்.

"இவ்வளவு நீண்டா நான் மாடிப்படியே ஏற முடியாதே!" என்றார்.

"வார் லூசு சார்," என்றாள் உதவியாளர் செரோப். "குதிகாலைத் தூக்காதேன்னு எல்லார்கிட்டயும் சொல்றீங்க, அழுத்தறப்ப உங்க குதிகாலே மேல எழும்புது. கணுக்கால் திரும்பிடுது. நாண் நீளாமலே நீண்ட மாதிரி காட்டுது."

வாரை இறுக்கினார்கள். விரல்கள் மரத்துப் போயின. குதிகால் எழும்பத்தான் செய்தது. மரக்கட்டையைச் செருகிப் பார்த்தார்கள். பர்மசாய் வீம்புக்கு ஓங்கி மிதிக்க, கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டு கல்லாகிவிட்டது.

செரோப் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது சட்டென்று அவள் கையைத் தடுத்தார்.

"ஜெலகாத்துக்கு யாரு வார் கட்டினது?"

"நீங்கதான் சார்."

ஈட்டன் ஊரே நம்பியிருந்த ஓட்டக்காரி ஜெலகாத். இரண்டு வருடத்துக்கு முன் அவளை அளந்து, "நாண் தளர்ந்துடுச்சு, ஓடினா அறுந்துடும்" என்று அவள் அப்பா அரப் மேலியிடம் சொன்னவர் இவர். அந்த மனிதர் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு போனது இன்னும் கண்ணில் நின்றது. அதன்பின் அவள் ஓடவில்லை.

'ஒரு வாரால் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே!' சாப்பிடக்கூடத் தோன்றாமல், நொண்டியபடியே மடாட்டு என்ற வாடகை வேனில் ஏறினார்.

ஈட்டன் சந்தைத் தெருவில் ஜெலகாத் முடி பின்னும் கடை வைத்திருந்தாள். ஒரு பெண்ணுக்குப் பாதித் தலை பின்னி முடித்திருந்தாள். மூலையில் அரப் மேலி பால் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஜெலகாத், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உன் காலை அளந்தேனே, அன்னிக்கு..."

"அப்புறம் பேசலாம் சார்," என்றாள் அவசரமாக.

பாவம், புண்பட்ட மனசு என்று நினைத்துக்கொண்டார்.

"இல்லம்மா, கேட்டுக்கோ..."

"சார், டீ குடிங்க. அப்பா, சாருக்கு டீ!"

அவள் தடுக்கத் தடுக்க அவருக்குக் குற்றவுணர்ச்சி பொங்கியது. தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். "தப்பு என்னோடது! உன் குதிகால் எழும்பியிருக்கு, நான் கவனிக்கல. உன் நாணுக்கு ஒண்ணுமே இல்லைன்னு நினைக்கிறேன்!"

அரப் மேலியின் கையிலிருந்த டீ தரையில் கொட்டியது. "என்ன சொன்னீங்க வாத்தியாரே? என் பொண்ணு ஓடலாமா?"

ஜெலகாத்தின் கண் கலங்கியது. ஆனந்தக் கண்ணீர் என்று பர்மசாய் எண்ணினார். ஆனாலும் அவள் முகம் சரியில்லை.

"அவசரம் வேண்டாம் ஐயா," என்று சமாளித்தார். "மறுபடியும் அளந்து பாத்துட்டு..."

"அளக்கலாமே! இந்தத் தடவை நானே பக்கத்துல நின்னு பாக்கறேன். முதல்ல கோச்சுக்குச் சொல்லிட்டு வரேன்!" கிழவர் வாலிபனைப் போல ஓடினார்.

ஜெலகாத் சீப்பை மேஜையில் வைத்தாள். சுவரெல்லாம் ஒட்டியிருந்த பின்னல் படங்களை ஒருமுறை பார்த்தாள். உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"மன்னிச்சுடும்மா!" பர்மசாய் கதவருகே நின்று கெஞ்சினார். "நான் மட்டும் அன்னிக்கே குதிகாலைக் கவனிச்சிருந்தா..."

பாதித் தலையோடு உட்கார்ந்திருந்த பெண் பெருமூச்சு விட்டாள்.

"குதிகாலைத் தூக்கினா கணக்குக் கெட்டுடும்னு நீங்க சொல்லித்தானே சார், ஓட்டத்துலேருந்து தப்பிக்க அவ வேணும்னே தூக்கினா. இந்தத் தெருவுல அவங்கப்பாவைத் தவிர எல்லாருக்கும் தெரியுமே!"